ஒரு பொத்தைக்கு இரண்டு புத்தகம்

ஜெபராஜ் அண்ணாச்சி இறந்த செய்தியைக் காதர் பாய்தான் எனக்குப் போனில் சொன்னார். வியாழக்கிழமை காலை. வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்காரரிடம் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்லி, மனித வாழ்வின் நிலையாமை பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நம்ம ஜெபராஜ் சார் மவுத்தாயிட்டாக. பல்லு தேய்ச்சிக்கிட்டு இருந்தவுக அப்படியே உக்காந்துட்டாகளாம்."

கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. 'அப்போ ஞாயிற்றுக்கிழமை ஓட்டு என்னாகும்?' என்று தோன்றியது. அடுத்துத் தோன்றியது இன்னும் கேவலம். செத்துப்போனவருக்கு எதிராக எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்? மனுஷன் கடைசியிலும் முந்திக்கொண்டாரே.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாபநாசம் போகிற வழியில், காட்டிலாகா எல்லைக்கு வெளியே, நரிப்பொத்தை என்று ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்தில் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. கயிறு இல்லாமல், கீழே ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு, கையில் சுண்ணப்பொடியைத் தடவிக்கொண்டு அவற்றில் ஏறுகிற கிறுக்கர்கள் இருபது இருபத்தைந்து பேர் ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறோம். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று அண்ணாச்சி எழுதியது, இன்னொன்று நான் எழுதியது. இரண்டிலும் ஒரே பாறைக்கு வேறுவேறு பெயர் இருப்பதால் வருகிறவர்கள் குழம்புகிறார்கள், இனி ஒன்றை மட்டும் மறுபதிப்புப் போடுவோம், எது என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வோம் என்று கூட்டம் தீர்மானித்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அவர் இப்படிச் செய்துவிட்டார்.

அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வெட்டுக்கிளிக்குக் கால்சட்டை மாட்டிவிட்டதுபோல ஒரு குட்டை உருவம். டாக்டர் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னதால் நான் அந்தப் பக்கம் நடக்கப் போனேன். அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் செங்குத்துப் பாறையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு, "என்ன வே, வழி தப்பி வந்துட்டீரா?" என்று மேலிருந்து கேட்டார். அன்றைக்குப் பிடித்த பொறாமையில்தான் நான் பாறை ஏறத் தொடங்கினேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

புத்தகம் எழுதியதும் அப்படித்தான். அவருடையது ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த நாற்பது பக்கம், கையால் போட்ட கோட்டுப்படங்கள். என்னுடையது வழவழப்பான தாள், வண்ண அட்டை. அட்டையில் நான் தொங்குகிறேன், வயிறு தெரியாத கோணத்தில். ஒரு பாறையில் முதலில் ஏறியவர்தான் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். அண்ணாச்சி அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை. அங்கே ஆடு மேய்ப்பவர்கள் எந்தப் பாறையை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதினார். நான் சும்மா விடுவேனா? சம்பந்தி மடி, மைத்துனன் மூஞ்சி, தாலுகா ஆபீஸ் என்று என் குடும்பத்தையும் அரசாங்கத்தையும் பாறை பாறையாகப் பழி வாங்கினேன்.

இரண்டு புத்தகமும் அடிவாரத்தில் காதர் பாயின் டீக்கடையில், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கும். போகும்போதெல்லாம் என் புத்தகத்தை அவர் புத்தகத்தின் மேல் ஏற்றி வைப்பேன். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். என் புத்தகத்தைப் பிரித்து அப்படிச் சிரித்தார்கள். டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்கள். பக்கத்து பெஞ்சில் அண்ணாச்சியும் நானும். நான் வெற்றியை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் புத்தகத்தைப் பிரித்தார்கள். சிரிப்பு நின்றது. ஒருத்தி படத்தைப் பார்த்தாள், பொத்தையைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அதையே வாங்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இந்தப் புஸ்தகம் நல்லா சிரிப்பா இருந்துச்சே?" என்று யாரோபோலக் கேட்டேன்.

"ஆமா சார், சூப்பரா இருந்துச்சு. அதான் இங்கேயே படிச்சு முடிச்சிட்டோம்."

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "விடும் வே. உம்ம புஸ்தகம் வாசிக்க அருமையா இருக்கு. வாசிச்சிட்டு பொத்தைக்கு வராமலே இருந்துக்கிடலாம்."

மதுரைக்காரச் சகோதரர்கள் கதை அதைவிட மோசம். என் புத்தகத்தைப் பார்த்து மைத்துனன் மூஞ்சியில் ஏறிவிட்டார்கள். மைத்துனனின் மூக்கைப் பற்றி அதில் முக்கால் பக்கம் இருக்கிறது. எப்படி இறங்குவது என்று ஒரு வரி இல்லை. புத்தகத்தில் இருந்த என் நம்பருக்குப் போன் செய்தார்கள். நான் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் விழுகிற நேரம். உச்சி வெயிலில் பாறை மேல் நின்றுகொண்டு, "சார், ஏறிட்டோம். எப்படி இறங்குறது?" என்கிறார்கள். எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி முன்னால் இறங்க, நான் அவர் முதுகைப் பார்த்து இறங்கியிருக்கிறேன். அவருக்குப் போன் போட்டேன்.

"எந்தப் பாறையில நிக்காங்க?"

"மைத்துனன் மூஞ்சி அண்ணாச்சி."

"அப்படி ஒரு பாறை ஊர்ல கெடையாது வே. எங்கன இருக்குன்னு சொல்லும்."

ஸ்கூட்டரில் போய், கீழே நின்றுகொண்டே, "பின்னால இச்சி மரம் நிக்கும் பாருங்க, அது பக்கமா பைய திரும்புங்க" என்று இருவரையும் இறக்கிவிட்டார். அவர்கள் இறங்கி வந்து டீ குடித்து அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒவ்வொரு பாறைக்கும் முதல் வரியே இறங்கும் வழிதான். "ஏறுறதுக்கு ஆசை போதும் வே. இறங்குறதுக்குத்தான் புஸ்தகம்" என்பார். இந்தச் சம்பவத்தை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் எனக்குக் கொடுக்காத மனிதரை எப்படி மன்னிப்பது?

எனக்கென்று இருந்த ஒரே பெருமை கூகைப் பாறை. அதன் உச்சி விளிம்பு அண்ணாச்சியின் கைக்கு எட்டாது. நான் அவரைவிட ஒரு சாண் உயரம். வேலைநாள் ஒன்றில் தனியாகப் போய் ஏறினேன். விளிம்பில் கை பட்டது. பிறகு முட்டித் தோல் முழுவதையும் பாறைக்குக் கொடுத்துவிட்டு வழுக்கி வந்து மெத்தையில் விழுந்தேன். வீட்டுக்கு வந்து, உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிடி இருப்பதாகவும், அதைப் பிடித்துத்தான் நான் மேலே போனதாகவும் என் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேல போயி நின்னீரா வே?"

"நின்னேன் அண்ணாச்சி."

"சரி."

அவருடைய அடுத்த பதிப்பில் இப்படி இருந்தது: 'கூகைப் பாறை. இதில் நான் ஏறியதில்லை. முதலில் ஏறியவர் சங்கரன். உச்சியில் உள்ளங்கை அளவு பிடி உண்டு என்கிறார்.' என் புத்தகத்தில் அந்தப் பொய் பத்திரமாக இருந்தது, அதில் எதையும் யாரும் நம்புவதில்லை. அவர் புத்தகத்துக்குப் போனதும் அது உண்மையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை கூட்டம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பெட்டியைச் சுமந்தார்கள். எனக்கு இப்படி வருவார்களா என்று தலை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் மனைவி எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அவுகளுக்கு உங்க மேல பொறாமை உண்டு. வெளியில காட்ட மாட்டாக. செவ்வாக்கிழமை ஆனா யாருக்கும் சொல்லாம கூகைப் பாறைக்குப் போவாக. 'அந்தத் தடியன் பிடிச்ச பிடி என் கைக்கு மட்டும் ஆப்பிட மாட்டேங்கு எஸ்தரு'ன்னு வந்து புலம்புவாக. மூணு வருஷமா."

குழிமேட்டில் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். கடவுள் மன்னிக்கட்டும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாயின் கடைக் கொட்டகையில் கூட்டம் கூடியது. எங்கள் கூட்டத்தை நடத்துகிற நசீமா, பல் டாக்டர், இரண்டு புத்தகத்தையும் மேஜையில் வைத்தார். நான் ஒரு சமரசத் திட்டத்தோடு போயிருந்தேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடலாம், முதல் பாதி என்னுடையது. சொல்ல எழுந்தேன். அதற்குள் நசீமா, "அதுக்கு முன்னாடி கூகைப் பாறை பத்திப் பேசணும் சார். போன மாசம் செல்விக்கு மணிக்கட்டு பிசகினது அங்கதான். உச்சியில அந்தப் பிடியைத் துழாவித் துழாவி விழுந்திருக்கா. பிடி எந்தப் பக்கம்னு நீங்கதான் விளக்கமாச் சொல்லணும். ஜெபராஜ் சார் புக்குல இருக்குன்னா இருக்கும்லா" என்றார்.

எங்களோடு ஏறுகிற செல்வி கட்டுப் போட்ட கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணாச்சியின் செவ்வாய்க்கிழமைகள் கண்ணில் வந்தன. அறுபது தாண்டிய ஒரு குட்டை மனிதர், ஆளில்லாத பொத்தையில், இல்லாத ஒன்றைக் கையால் தேடிக்கொண்டிருக்கிறார்.

"அங்கே பிடி எதுவும் கிடையாது. நான் மேலே போகவும் இல்லை" என்றேன். "அவர் புத்தகத்தையே போடுங்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. அது ஒன்றுதான் என் வாயை நம்பி எழுதியது."

காதர் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "அதுக்குத்தான் அன்னிக்கு முட்டியில மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு வந்தீகளா? அண்ணியோட சண்டைன்னுல்லா நான் நினைச்சேன்" என்றார். ஒருத்தன் சிரித்தான். பிறகு செல்வி சிரித்தாள். ஓட்டெடுப்புக்குத் தேவையே இருக்கவில்லை.

எஸ்தர் அக்காவிடம் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டேன். அவர், "அவுக இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா தம்பி. ஒரு செவ்வாக்கிழமையாவது வீட்டுல இருந்திருப்பாக" என்றார்.

புதிய பதிப்பில் கூகைப் பாறையில் ஏறியவர் யாருமில்லை. அண்ணாச்சியின் படங்களும் நண்பர்களும் நல்ல பெயரும் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டன, அவற்றைப் பார்த்து எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. என் பங்குக்கு வந்தது ஒன்றுதான். ஜெபராஜ் அண்ணாச்சி தம் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், அது நான். தகுதியில்லாமல் வாங்கியது. திருப்பிக் கொடுக்கலாமென்றால் ஆளில்லை. நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.