உச்சிக்கு வந்த பனியன்

எனக்கு வீசிங். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்றே வந்தது. பஞ்சு பறக்காத இடமாகப் பார்த்து மலைக்குப் போகச் சொன்னார் டாக்டர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வேலையை விடச் சொன்னார்.

கம்பெனி ஆட்கள் சிலர் சேர்ந்து, வழிகாட்டி ஒருவரோடு அவ்வப்போது மலையேறுவோம். இதற்கு முன் போன இரண்டு முறையும் நான் பாதியிலேயே இறங்கியவள். இந்த முறை கிளம்பும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்தத் தடவையும் இழுத்துச்சுன்னா இனி உங்களக் கூட்டிட்டு வரமாட்டேன். உங்க உயிருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

நியாயம்தான். கோபம்கூட வரவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தேன். கிளம்புமுன் இன்ஹேலர். குளிர்காற்று நேரே நெஞ்சுக்குள் போகாமல் மூக்கைச் சுற்றித் துப்பட்டா. எல்லோருக்கும் பின்னால், வாயைத் திறக்காமல். எனக்கு அதுதான் பெரிய ஏற்றம். உச்சிப் பாறை கண்ணில் பட்டபோதும் நெஞ்சில் சத்தமே இல்லை.

பாறைக்குக் கொஞ்சம் கீழே எங்கள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி, பையிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தார். ஆரஞ்சு நிற டி-சர்ட்டுகள், நெஞ்சில் மலைப்படம் பிரிண்ட். முந்தின நாள்தான் தைத்து முடித்ததாம், தண்ணீரே காணாத துணி. திருப்பூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து எங்கே போனாலும் ஒரு பனியன் அடிக்காமல் போகமாட்டோம்.

"உங்களுக்குத்தானுங்க மொதல்ல. நீங்க உச்சிக்கு வர்றீங்கன்னுதான் அடிச்சதுங்க," என்றார்.

வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோரும் கைக்கு வந்த பனியனை ஆளுக்கொரு உதறு உதறினார்கள். சுடிதாரின் மேலேயே மாட்டினேன். பிரிண்ட் வாசமும் பஞ்சும் சேர்ந்து மூக்கில் ஏறின. மலையில் நின்றுகொண்டே கம்பெனிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

இழுக்க ஆரம்பித்தது. வழிகாட்டி பனியனைக் கழற்றச் சொல்லி, என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பாறை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"போதுங்கக்கா," என்றார் அவர்.

தலையாட்டினேன். மற்றவர்கள் ஏறிப்போய் ஆரஞ்சு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

இறங்கும் வழியெல்லாம் சூப்பர்வைசர், "தப்புப் பண்ணிப்போட்டனுங்களே," என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

"இல்லீங்க, ஸ்டிச்சிங் நல்லாருக்குதுங்க," என்றேன். உண்மைதான், ஒரு பிசிறு இல்லை.

வீட்டில் அந்தப் பனியனைப் பலமுறை அலசிக் காயப்போட்டேன். இப்போது அதில் வாசமும் இல்லை, பஞ்சும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் செக்கிங்கில் நிற்கிறேன். வழிகாட்டி அடுத்த மலைக்கு ஆள் சேர்க்கிறாராம். பக்கத்து டேபிளில் பேசிக்கொள்கிறார்கள்.