கணவரின் இன்சூரன்ஸ்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்தைப் பற்றி, நம் ஊரில் வரன் பேசுவதுபோல், சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார்கள். எந்த பிளான் ஏறுகிறது, குடும்பத்தைச் சேர்த்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஓயாது. அமெரிக்காவில் எடிசன் நகருக்குப் பக்கத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது நான் பள்ளியின் குழுக் காப்பீட்டில் சேரவில்லை. "கணவரின் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மதுரையில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். நாங்களும் மாதாமாதம் திட்டுவோம்.

ஏப்ரலில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கிளினிக்கில் இருந்த பெண் என் கார்டைத் திருப்பித் தந்தாள். ஜனவரியோடு அது செல்லாது என்றாள். கைக்காசைக் கொடுத்து டாக்டரைப் பார்த்தேன். பயாப்சியைத் தள்ளிப்போடாதே என்றார்.

அன்று மாலை கணவர் முரளியிடம் கேட்டேன். ஜனவரியிலேயே வேலை போய்விட்டதாம். அதன்பிறகும் தினமும் குளித்து, திருநீறு பூசி, நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு, ஆபீஸ் இருந்த பார்சிப்பனிக்குக் காரில் போயிருக்கிறார். என் எலுமிச்சைச் சாதத்தை நூலக வாசலில் காருக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அடுத்த வாரம் ஆஃபர் வந்துடும்னு நினைச்சேன். உனக்குத் தெரிஞ்சா உங்க அண்ணனுக்குத் தெரியும். அப்புறம் ஊருக்கே தெரியும்."

கம்பெனி இன்சூரன்ஸைச் சொந்தச் செலவில் நீட்டிக்கும் கெடுவும் அதற்குள் முடிந்திருந்தது. மானம் காத்த லட்சணம் இது.

மறுநாள் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் நல்லவர்தான்.

"கவரேஜ் போனதும் கெடுவுக்குள் சொல்லியிருக்க வேண்டுமே" என்றார்.

"எனக்கே நேற்றுதான் தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்கிறீர்களா?"

"இல்லை. ஒரே வீடுதான்."

எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். நம்பவில்லை. பிரிந்த பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

இனி அக்டோபரில் பெயர் கொடுக்கலாம், ஜனவரியில்தான் இன்சூரன்ஸ் வரும். கட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? ஊருக்குப் போனால் அரசுக் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டில் பெயர் வேண்டும். என் பெயரை அண்ணன் எப்போதோ எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முரளியோடு போன ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் தெரிந்த ஆண்ட்டி ஒருவர் எதிர்ப்பட்டார்.

"முரளி இன்னும் பார்சிப்பனிக்குத்தான் டிரைவ் பண்றாரா?"

முரளி தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "ஆமா ஆண்ட்டி, ஆபீஸ்ல பயங்கர பிஸி."

முரளி என்னை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அங்கேயே அறைந்திருப்பேன். கை ஒழியவில்லை. ஊரிலிருந்து வந்த பொன்னி அரிசி மூட்டையை, கட்டி வலிக்க வலிக்க, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன்.