நாலு மணிக்கு எழுப்பினேன்

பத்தாவது வரை படித்தவள் நான். படிப்பைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. கணக்கு படித்தாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அவளுக்கு மூளை விழிக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவாள். விடியலில் பெயரைக் கேட்டாலே யோசிப்பாள். நாங்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழுவோம். விடியலில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் வீட்டுக்காரரின் நம்பிக்கை. ஒன்பது அடித்ததும் பியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கியது என் கைதான்.

நாலு மணிக்கு அதை மாட்டி, அவளை எழுப்பி உட்கார வைப்பேன். மடியில் புத்தகம் இருக்கும். பக்கம் திரும்பாது.

“இன்னாடி, கண்ணத் தொறந்துகினே தூங்கற?”

“படிச்சிகினுதாம்மா கீறேன்.”

“ராக்கோழிக்குப் பொறந்தவளா நீ?” என்பார் அவர்.

“உனுக்குத்தாம்பா பொறந்தேன்.”

அவர் சிரிப்பார். முதல் இரண்டு பருவத்திலும் அரியர் விழுந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. தேர்வுகள் எல்லாமே காலை பத்து மணிக்கு. “இந்தத் தபா பேப்பர் போச்சின்னா மில்லுக்கு அனுப்பிடுவேன்” என்றார். நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஏற்கெனவே இரண்டு முறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்.

கணக்குத் தேர்வுக்கு முந்தின இரவு அவள் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மணி நேரம் வுடும்மா. இப்பதான் புரியுது.”

உள்ளே அவர் இருமினார். அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் பிடுங்கினேன். இருட்டில் அவள் புரள்வது வெகுநேரம் கேட்டது. பிறகு கண் அயர்ந்தாள். நாலு மணிக்கு எழுப்பினேன்.

தியாகதுருகத்தில் பஸ் ஏறினோம். என் தோளில் சாய்ந்த தலை கல்லாய்க் கனத்தது. கல்லூரி கேட்டுக்கு வெளியே ஒரு மணி வரை நின்றேன். வெளியே வந்தவளின் கன்னத்தில் பேனா மை ஒட்டியிருந்தது.

“மேடம் தட்டி எழுப்புனாங்கம்மா. அப்ப பத்து நிமிசம்தான் பாக்கி. ரெண்டு கணக்குதான் போட்டேன்.”

வீட்டில் அவர் கேட்டார். அவளே சொன்னாள். அவர் திட்டவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மில் வேன் வந்தது. ஏறிக்கொண்டாள். அவளுக்கு நைட் ஷிஃப்ட் என்று ஏஜென்ட் சொன்னார்.