பதினோரு பேராக மாறி நான் புகழ்ந்த முறுக்குக் கட்டடம்

அசிங்கமான ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போலி ஐடி, போலி ஐடி என்று நீங்களெல்லாம் இன்று திட்டுகிறீர்களே, அந்தத் திருட்டுத்தனத்தை நான் அறுபதுகளிலேயே செய்துவிட்டேன்.

ஒன்றல்ல, பதினொன்று!

(பேரன் அனுப்பிய ஏதோ வானுயரக் கட்டடத்தின் படத்துக்குக் கீழே ஊரே கழுவி ஊற்றியிருந்தது. பார்த்ததும் பழைய பாவம் ஞாபகம் வந்துவிட்டது.)

அப்போது நான் பெங்களூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் டிரேசர். பெரியவர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் அப்படியே நகலெடுக்கிறவன்.

வயது இருபத்திரண்டு. வேலை தற்காலிகம். (மீசையும்தான்.)

முதலாளி ராவ் சார் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்று வரைந்தார். ஊரிலேயே உயரம்!

உயரம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு மாடியையும் அதற்குக் கீழ்மாடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்திருந்தார்.

கட்டப்போகிறவர் சிவாஜிநகர் ஜவுளிக்கடை முதலியார். மரத்தில் செய்த மாடலைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி:

"ராவ் சார், வர்ற வழியில எவனாவது இடிச்சுட்டானா?"

"இல்ல முதலியாரே, டிசைனே அப்படித்தான்!"

முதலியார் வியாபாரி. ஒரு முடிவு சொன்னார். மாடல் அவர் கடை வாசலில் திங்கள் முதல் சனி வரை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டு. பார்க்கிறவர்கள் பெயர், ஏரியா போட்டு அபிப்பிராயம் எழுத வேண்டும். ஊருக்குப் பிடித்தால் இதே கட்டடம். பிடிக்காவிட்டால் சாதாரண நாலு மூலைப் பெட்டி, வேறு ஆர்க்கிடெக்ட்.

நோட்டுக்குக் காவல் நான்!

ராவ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாஸ், இது ஆச்சுன்னா உன்னப் பர்மனெண்ட் பண்றேன். ஆகல்லேன்னா நீ பேற கெலச நோட்கோ."

(வேறு வேலை பார்த்துக்கொள் என்பதைக் கன்னடத்தில் கேட்டால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.)

திங்கட்கிழமை கூட்டம் வந்தது. அடேயப்பா!

ஆஸ்டின் டவுன் லாண்டரிக்காரர்: "யாருப்பா இதப் பிழிஞ்சு காயப்போட்டது? இன்னும் ஈரம் போவல போல கீதே!"

ஒரு கன்னடக்காரர் மனைவியிடம்: "நோடே, சக்குலி!" (முறுக்குதான், வேறென்ன? அன்றிலிருந்து அதன் பெயரே முறுக்குக் கட்டடம்.)

கறிக்கடை பாய் என்னிடமே கேட்டார். "தம்பி, இது சுத்துமா?"

"சுத்தாது பாய், நின்ன இடத்துலயேதான் நிக்கும்."

"பின்ன ஏன் இப்டித் திரும்பிப் பாக்குது? பீவி கூப்ட்டுச்சா?"

ரிச்சர்ட்ஸ் டவுன் டீச்சரம்மா அழகான கையெழுத்தில் எழுதினார்: "பார்த்ததற்கே தலை சுற்றுகிறது. குடி வருபவர்களுக்கு மாத்திரை இலவசமா?"

மூன்று நாள். ஒரே ஒரு ஆள்கூட நல்ல வார்த்தை எழுதவில்லை!

புதன்கிழமை மத்தியானம் முதலியார் சாப்பிடப் போனார்.

நான் பேனாவைத் திறந்தேன்.

ரிட்டயர்டு தாசில்தாராக எழுதினேன்: "நமது நகரத்தின் பெருமை." பயில்வானாக எழுதினேன்: "கட்டடத்துக்கு நல்ல இடுப்பு." நான்கு பிள்ளைகளின் தாயாராகவும் எழுதினேன்: "என் குழந்தைகள் இக்கட்டடத்தைக் கேட்டு அழுகின்றன."

நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று மை. வலக்கையில் ஆறு, இடக்கையில் ஐந்து. என் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

சனிக்கிழமை ராவ் சார் வந்தார். முதலியார் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பாதியில் நின்றார்.

"தாசில்தாரு, பயில்வான், நாலு புள்ள பெத்த அம்மா... எல்லாரும் மேலயும் கீழயும் பென்சில் கோடு போட்டுக்கிட்டுத்தான் எழுதியிருக்காங்க. ஏம்ப்பா?"

நானும் அப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் ஆபீஸில் இரண்டு பென்சில் கோடு போடாமல் எவனும் ஓர் எழுத்து எழுத மாட்டான். எழுத்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமே! மூன்று வருஷப் பழக்கம். மை மாற்றினேன், கை மாற்றினேன், தாயாராகக்கூட மாறினேன். கோட்டை மட்டும் மறந்தேன்!

ராவ் சார் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதோரம் வந்து முனகினார்.

"அழிக்கவாவது கூடாதா, மாராயா?"

அவ்வளவுதான், என் வேலை எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"சரி, கோடு போட்ட பதினொண்ணையும் தள்ளு," என்றார் முதலியார். மேலே படித்தார்.

"இந்தா, லாண்டரிக்காரர். திங்கக்கிழம வந்து திட்டினார். வியாழக்கிழம மாமனாரக் கூட்டியாந்து மறுபடி திட்டியிருக்கார். டீச்சரம்மா வெள்ளிக்கிழம ஒரு கிளாஸையே இட்டாந்துட்டாங்க. புகழ்ந்தவன் எவனாவது ரெண்டாந்தடவ வந்தானா?"

"இல்லீங்கய்யா."

(பதினோரு பேராகவும் நான் மறுபடி வந்திருக்கலாம். தோன்றவில்லை!)

"பொட்டி மாதிரி ஒரு கட்டடத்தப் பாக்க எவன் மாமனாரக் கூட்டிட்டு வருவான்? திட்டறதுக்குன்னே ஊரு என் கடை வாசலுக்கு வருதுய்யா! ராவ் சார், முறுக்கையே கட்டுங்க!"

கடை ஆட்கள் கைதட்டினார்கள். முதலியார் ஒரு டின் முறுக்கு வரவழைத்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்று நொறுக்கினோம். பாய் வந்து, "அட, சின்னச் சின்ன பில்டிங்கா!" என்று இரண்டு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பர்மனெண்ட் ஆர்டர் என் கையில்!

அதில் என் பெயருக்கு மேலும் கீழும் ராவ் சாரே பென்சில் கோடு போட்டிருந்தார்.

ஆகவே, என் பதிவுகளைத் திட்டும் அன்பர்களே, தயவுசெய்து மாமனாரோடு வாருங்கள்.

அந்தக் கட்டடம் எங்கே என்கிறீர்களா? இன்றும் இருக்கிறது. சிமெண்டுக்கே சர்க்கார் பெர்மிட் வாங்க வேண்டிய காலம் அது; மூன்று மாடிக்குத்தான் கிடைத்தது. முறுக்கு மாடிப்படியில் மட்டும்.