ஊசியால் வளர்த்த உடம்பு

முப்பத்தொரு வயதில் என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. சோமனூரில் எங்களுக்குச் சொந்தமாக விசைத்தறிகள் ஓடின, ஊருக்கு வெளியே கொஞ்சம் தென்னந்தோப்பும் இருந்தது. இருந்தும் பெண் அமையவில்லை. எங்கள் பக்கத்தில் முப்பது தாண்டிய ஆண்கள் வீட்டுக்கு இரண்டு பேர் கல்யாணமாகாமல் இருக்கிறார்கள் என்று அம்மா தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்வாள். ஆறாவதாகப் பெண் பார்க்கப் போன வீட்டில், கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓர் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

"மாப்ள நல்ல மாதிரிதானுங்க. ஆனா காத்தடிச்சா பறந்துருவாராட்ட இருக்குதுங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பெண்ணின் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த வாரமே கருமத்தம்பட்டியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். நாலு மாதம் முட்டையும் கோழியுமாகத் தின்று மூன்று கிலோ ஏறினேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர், உடம்பு மட்டும் மலைபோல இருக்கும்.

"இப்பிடியே போனா வருசக்கணக்காகுமுங்கண்ணா. ஒரு கோர்ஸ் போட்டா மூணே மாசம்" என்றார்.

"கோர்ஸுன்னா என்னங்க?"

"ஊசிதானுங்க. ஆம்பளைக்கு ஒடம்புல ஊறுற ஹார்மோன்தான் அது. கொஞ்சம் சேத்திப் போடறோம், அவ்வளவுதான். எல்லாரும் போடறதுதானுங்க."

ஆம்பளைக்கு ஊறுவதைத்தானே சேர்த்துப் போடுகிறார்கள், அதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன். துண்டுகள் காயப்போட்டிருந்த ஒரு சின்ன அறையில் வாரம் ஒரு ஊசி. எடை அறுபத்தெட்டுக்குப் போனது. பழைய சட்டைகள் எதுவும் தோளுக்குள் நுழையவில்லை. ஏழாவது வீட்டில் சம்மதம் சொன்னார்கள். பெண் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

கல்யாணத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு தடவை நிறுத்தியும் பார்த்தேன். ஒரே மாதத்தில் கை மெலிந்தது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது. அவள் எதைப் பார்த்து என்னை ஒப்புக்கொண்டாளோ, அது கரைகிறது என்று பயந்துவிட்டேன். மறுபடியும் ஊசிக்குப் போனேன். ஜிம்முக்குப் போவது அவளுக்குத் தெரியும். ஊசி தெரியாது.

முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து, போகிற கல்யாணத்தில் எல்லாம் சொந்தபந்தம், ஒரம்பரை சனம் அவளைத்தான் சூழ்ந்துகொண்டது. "ஏனம்மணி, விசேசம் ஏதாச்சும் உண்டா?" அவள் சிரித்து ஒதுங்குவாள். அம்மா தினமும் காலையில் அவளுக்கு ஒரு உருண்டை லேகியமும் பாலும் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு ஆஸ்பத்திரி. ரத்தம், ஸ்கேன், மாத்திரை, இன்ன தேதியில் வா, இன்ன தேதியில் வராதே. பள்ளியில் லீவு கேட்டுக் கேட்டு அவள் முகம் செத்துப்போனது.

கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வலிச்சுதா கண்ணு?"

"சித்த வலிதானுங்க. பொறுத்துக்கலாம்."

வண்டியில் உட்கார அவளால் முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அந்த வாரமும் ஊசி போட்டிருந்தேன். அவளுக்கு வைத்தியம் பார்த்த பெண் டாக்டர் ஒவ்வொரு தடவையும் என்னையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். தறியில் வேலை அதிகம், அடுத்த மாதம் பார்க்கிறேன் என்பேன். வீட்டில் அம்மா, "அவனுக்கென்ன கொறைச்சல், பாத்தாலே தெரியுதே" என்பாள். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதாமல் பேனாவை மூடிவிட்டார். "உங்க சம்சாரத்துக்கு ஒரு குறையும் இல்லைங்க. நீங்க டெஸ்ட் எடுக்காம இனிமே அவங்களுக்கு நான் எதுவும் தரமாட்டேன்."

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அறையைக் காட்டினார்கள். முடிவில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்றிருந்தது. தவறாக இருக்கும் என்று சில வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். அதிலும் பூஜ்யம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டர். என்ன வேலை, சிகரெட் உண்டா, தூக்கம் எப்படி, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"ஜிம்முக்குப் போறீங்களா?"

"ஆமாங்க."

"ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இல்லீங்க" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, "இதுல தெரிஞ்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான். அவினாசி ரோட்டில் நெரிசல். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வெசனப்படாதீங்க. கொழந்த இல்லீன்னா என்னங்க, நாம ரெண்டு பேரு இருக்கறோமல்லொ. ஒண்ணை எடுத்து வளத்துக்கலாம். நான் உங்கள எதும் நெனைக்க மாட்டனுங்க."

அவள் திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "அம்மணி, டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிப்போட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முன் சீட்டுக்காரர் காதில் விழுகிறதே என்றுகூடத் தோன்றவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எனக்குப் படம் எடுத்தாங்களே, அன்னைக்கும் போட்டுட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமா."

என் மணிக்கட்டை விட்டாள். அதன் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. தறிக் குடோனில் ஆட்கள் இல்லை. நான் மட்டும் ஒரு தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"எதுக்குங்க அதைப் போட்டீங்க?"

ஆறாவது வீட்டில் கேட்டதைச் சொன்னேன். சொல்லும்போதே சின்னப் பையன் புகார் சொல்கிற மாதிரி இருந்தது.

"அந்த ஒடம்பப் பாத்து நான் ஒப்புக்கிட்டேன்னு நெனச்சீங்களா?"

"பின்னே?"

"எங்கண்ணனுக்குக் காது சரியாக் கேக்காது. பாக்க வந்த மாப்ளைங்க ஒருத்தரும் அவங்கூட ஒரு வார்த்தை பேசல. நீங்கதான் போயி அவம்பக்கத்துல உக்காந்து, அவனுக்குக் கேக்கறாப்பல பேசிட்டிருந்தீங்க. அதைப் பாத்துத்தானுங்க சரின்னேன்."

உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தறிச் சத்தத்துல வளந்தவன் அம்மணி. நான் எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் கத்திப் பேசுவேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். எண்ணெய்க் கையோடு அவளைத் தொடத் தயங்கினேன். அவளே வந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. "வெளிய இருந்து ஹார்மோன் வந்துட்டே இருந்தா, உள்ள ஒடம்பு தானா சுரக்கறதை நிறுத்திக்கும். விந்தணு உற்பத்தியும் நின்னுரும். ஊசியை நிறுத்துங்க. நிறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு. எத்தனை மாசம்னு மட்டும் உறுதி சொல்ல முடியாது" என்றார். சிகரெட்டையும் விடச் சொன்னார். நைட் ஷிப்டைக் குறைத்து ஒழுங்காகத் தூங்கச் சொன்னார். சில மருந்துகள் எழுதிக் கொடுத்தார்.

நிறுத்திய பிறகு வந்த மாதங்களை நான் எதிர்பார்க்கவில்லை. கை கால் சுருங்கியது. காரணமில்லாமல் கண் கலங்கும். ஆசை என்பதே அற்றுப்போனது. ஒரு நாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னைப் புடிக்காமப் போயிருமோன்னு இருக்குது" என்றேன். அவள் தொளதொளவென்று தொங்கிய என் சட்டைகளை எடுத்துப்போய், அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக உள்ளே பிடித்துத் தைத்தாள். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் இருவரும் தோப்பு வரை நடந்துவிட்டு வருவோம். அந்த நடையில் அவள் பள்ளிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. என் மனைவி வேண்டாம் என்றாள். ஒரு காலையில் அம்மா லேகிய உருண்டையோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. கொறை என்றகிட்டதான். நானே தேடிக்கிட்டது." விளக்கிச் சொன்னேன். அம்மா உருண்டையைக் கையில் வைத்தபடியே மருமகளின் கன்னத்தைத் தடவி, "ஏங்கண்ணு, மூணு வருசமா நீ ஒரு வார்த்த பேசலியே" என்றாள். பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அந்த உருண்டையை என் கையில் வைத்தாள். "அப்ப நீ தின்னு." டாக்டரைக் கேட்காமல் தின்னக்கூடாது என்று என் மனைவி அதை வாங்கி டப்பாவில் திரும்பப் போட்டாள். அன்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் பூஜ்யம். ஏழாம் மாதம் தாளை வாங்கியதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவள் பள்ளிக்குப் போன் செய்தேன். வகுப்பிலிருந்து வராந்தாவுக்கு வந்து பேசினாள்.

"பூஜ்யம் இல்லீங்களா?"

"இல்ல. ரொம்பக் கொஞ்சந்தானாம்."

"கொஞ்சமுன்னா பூஜ்யத்தைவிடப் பெருசுதானுங்களே" என்றாள் கணக்கு டீச்சர். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிக்கை ஓரளவுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. முதலில் தங்கியது இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது. யார் மேலும் பழி இல்லை, இப்படி ஆவது உண்டு என்றார் டாக்டர். அன்று நான் தறிப் பக்கம் போகவில்லை. பகல் முழுக்க அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

அவளுக்கு இப்போது மூன்று வயது. என் எடை ஐம்பத்தெட்டு. கல்யாண வீடுகளில் ஒரம்பரை சனம் விடுவதில்லை, அடுத்தது எப்போது என்று மறுபடியும் என் மனைவியைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் அவினாசியில் ஒரு விருந்தில் இரண்டு பெரியம்மாக்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பந்தியிலிருந்து எழுந்து போய், "அதை என்றகிட்டக் கேளுங்க பெரியம்மா. டாக்டர்கிட்டப் போறது நான்தானுங்க" என்றேன். என் குரலுக்குப் பந்தியே திரும்பிப் பார்த்தது. அவள் மகளுக்கு ஊட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்குவது தெரிந்தது.