வடையாகிப் போன விதை உளுந்து

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்துக்கு நான் மருமகளாக வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பிறந்து வளர்ந்ததெல்லாம் தாமிரபரணிக் கரையில். வாசலைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் நெல்வயல். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கரிசலில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். காய்ந்த புழுதியில் விதையைத் தூவி, மேலே ஏர் ஓட்டி மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். மழை விழுந்துவிட்டால் அந்த மண் பசை மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும். மாடும் இறங்காது, மனுஷரும் இறங்க முடியாது. எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது நான் மைனி என்று கூப்பிடும் எதிர்வீட்டு அக்காவிடம், "எங்க ஊருல தண்ணியப் பாத்துட்டுத்தான் விதைப்போம். நீங்க புழுதியில கொட்டிட்டு மழைக்கு மானத்தப் பாத்துக்கிட்டு இருக்கிய. இதுக்குப் பேரு விவசாயமா?" என்று கேட்டுவிட்டேன். மைனியின் முகம் சுண்டிப்போனது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை.

அந்த வருஷம் எங்கள் ரெண்டு ஏக்கருக்கு உளுந்து என்று முடிவாகியிருந்தது. முந்தின வருஷம் விளைந்ததில் நல்ல மணியாகப் பொறுக்கி, சாம்பல் கலந்து, பெரிய மண்பானையில் வைத்திருந்தார் என் மாமியாரான அத்தை. எங்களிடம் மாடு கிடையாது. வாடகை ஏர் ஒரே ஒரு நாளைக்குத்தான் கிடைத்தது. கிழக்கே மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு நாளை விட்டால் அந்த வருஷமே போச்சு.

விதைப்புக்கு முந்தின நாள் காலை, வீட்டுக்காரரும் அத்தையும் நிலத்தில் முள் ஒதுக்கப் போய்விட்டார்கள். தனியாக இருந்த எனக்கு, புகுந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கும் ஆசை வந்தது. எங்கள் ஊரில் விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டித்தான் நாற்றங்காலில் தூவுவோம். அதே நினைப்பில், பானை உளுந்து மொத்தத்தையும் சாம்பல் போகக் கழுவி அண்டாவில் ஊறப்போட்டேன்.

சாயங்காலம் வந்த அத்தை அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். உளுந்து நன்றாக உப்பியிருந்தது.

"ஏட்டி, என்ன இது! வடைக்கா ஊறப்போட்டிருக்கே?"

அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"விதைக்குத்தான் அத்தை. சீக்கிரம் முளைக்கும்லா" என்றேன், பெருமையாக.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊறிய விதை காய்ந்த புழுதியில் விழுந்தால், அதில் இருக்கிற ஈரத்தையும் மண் உறிஞ்சிக்கொள்ளும், ஒன்றுகூடப் பிழைக்காது என்று வீட்டுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். திரும்பக் காயவைத்தாலும் நம்பி விதைக்க முடியாதாம். வேறு விதை வீட்டில் இல்லை. இருவரும் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. எங்கள் ஒரு வருஷச் சாப்பாட்டை அண்டாவில் மூழ்கடித்துவிட்டேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு மைனி! கையில் பனையோலையில் முடைந்த சின்னக் கூடை, ஒரு கொட்டான்.

"எங்க வீட்டுல பாசிப்பயறுதான் மிச்சம் கெடக்கு. புழுதியில போடலாமா, இல்ல ஆத்தங்கரைக்காரி வேண்டாம்னுருவியா?"

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மைனி அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தெருவில் வேடிக்கை பார்த்து நின்ற பெண்களிடம் கத்தினார். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ஏரு வரப்போவுது. கெடக்குற விதையக் கொண்டாங்க!"

கொட்டான் கொட்டானாக வந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஓலை முடையத் தெரியும். கொட்டானின் விளிம்பைக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே எந்த வீட்டுடையது என்று சொல்லிவிடலாம். ஒன்றில் உளுந்து, ஒன்றில் தட்டாம்பயறு, இரண்டில் சோளம். அத்தை எல்லாவற்றையும் கடகம் என்கிற பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டிக் கலந்தார்.

"என்னம்மா, கதம்பமால்லா இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"கதம்பம்னா முளைக்காதோ? ஏரப் பூட்டுலே!"

அவர்கள் விதைக்கப் போக, நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தேன். கை ஓயும்வரை ஆட்டி, தோலுளுந்து வடையாகச் சுட்டுத் தள்ளி, மத்தியானம் நிலத்துக்குக் கொண்டுபோனேன். மைனி ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "விதை உளுந்துல வடை! ராசாமாருகூட இதத் தின்னுருக்க மாட்டாவ" என்றதும் ஏர்க்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. வாங்கிய கொட்டான்களைச் சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், மிச்ச உளுந்தை அவற்றிலேயே அள்ளிக் கொடுத்தேன். மறுநாள் தெரு முழுக்க இட்லி.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. ஒரு வாரத்தில் எங்கள் கரிசல் பச்சை கட்டியது. எங்கே உளுந்து, எங்கே பாசி என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் கலந்து மதமதவென்று எழும்பி நின்றது. தை மாதம் பயறுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. சோளம் கதிர் பிடித்து நின்றது. அந்த வழியாக வந்த வெளியூர்க்காரர் ஒருவர் நின்று, "நல்லா வந்திருக்கே, என்ன விதைம்மா?" என்று கேட்டார்.

அத்தை நிமிர்ந்து நின்று சொன்னார்: "எங்க தெரு விதை அண்ணாச்சி!"

அறுப்பு முடிந்ததும் எந்த வீட்டில் எந்தத் தானியம் வாங்கினோமோ, அதையே நிறைத்துக் கொடுத்தோம். மைனிக்கு மட்டும் நானே முடைந்த கொட்டானில் பாசிப்பயறு கொண்டுபோனேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்த மைனி, "விதைக்கத் தெரியாட்டாலும் முடைய வந்துரும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசல் ஆணியில் மாட்டினார்.

இப்போது நானே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவள். ஒவ்வொரு புரட்டாசியிலும் எங்கள் நிலத்துக்கு விதை எடுக்கும் முன், ஒரு கொட்டான் விதையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். எந்த வீட்டிலிருந்தாவது "வடைக்கா ஊறப்போட்டிருக்கே" என்று சத்தம் கேட்டால், அந்த வாசலில் முதல் ஆளாக நான்தான் போய் நிற்க வேண்டும்.