பயணம் சொன்ன பிறகு

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சும்மா போவதில்லை, பயணம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொந்தக்காரர், அயலவர், படிப்பித்தவர்கள் என்று வீடு வீடாகப் போய், கதிரை நுனியில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, "பயணம் சொல்ல வந்தனான்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அந்தக் கோபம் லேசில் ஆறாது, பிறகு கல்யாண வீட்டிலும் முகத்தைத் திருப்புவார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஊரில் ஒரு வழக்கமும் கிடையாது. நான் அப்படித்தான் இருந்தேன்.

திருகோணமலையில் துறைமுகத்தடியில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவுக்குப் பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வரும் இழுவைப் படகில் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். உயர்தரத்தில் உயிரியல் எடுத்த நான் மூன்று தரமும் சோதனை எழுதினேன், அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். மூன்றாம் தரமும் மருத்துவ பீடம் மயிரிழையில் தவறியது. முடிவு வந்த அன்று அப்பா குசினிக்குள் போய் முட்டை பொரித்துக்கொண்டு வந்து வைத்தார். அழுதுகொண்டே இரண்டு முட்டையையும் நானே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் வந்தார். நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். அப்பா வேலைச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். கரீபியன் கடலில் ஒரு தீவாம். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி, படிக்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் வெளிநாட்டுப் பிள்ளைகள். ஏஜென்ட் சுவரில் படம் காட்டினார்: தென்னை, வெள்ளை மணல், நீலக் கடல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பார்க்க அரை உலகம் சுற்ற வேண்டுமா, நிலாவெளிக் கடற்கரைக்குப் பஸ் ஓடுகிறதே.

கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒருவர் சோறு கிடைக்குமோ என்று கேட்டார். இன்னொருவர் பெண்பிள்ளைகளுக்குத் தனி விடுதி இருக்கிறதோ என்றார். அப்பா எழும்பினார், நான் திடுக்கிட்டேன், அவர் கூட்டங்களில் வாய் திறக்கிறவர் அல்ல.

"அங்கை மழை எந்த மாசம்?" என்று கேட்டார்.

ஏஜென்டுக்கு விளங்கவில்லை. அப்பாவும் விளக்கவில்லை. படித்து முடித்து இங்கே திரும்பி வந்தால் டொக்டராக வேலை செய்யலாமோ என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன ஆட்கள் நாங்கள்.

அதைக் கேட்டவர் எங்கள் இரசாயன ஆசிரியரின் மகள். கிண்ணியாவில் இருக்கிறார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரும் இப்படி வேறொரு நாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்து, இங்கே பதிவு செய்வதற்கான சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பாலம் தாண்டி அவரைப் பார்க்கப் போனேன். நான் இருக்கும்போதே தெருவில் உள்ள ஒரு அம்மா சீனி வருத்த ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டினார். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில காட்டுங்க, நான் இன்னும் மருந்து எழுத ஏலாது" என்றார். அந்த அம்மா போகும்போதும் "வாறன் டொக்டர்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் முகம் ஒரு மாதிரிப் போனது.

"அந்தக் கொலேஜை இங்க ஏற்றுக்கொள்ளுவாங்களா எண்டு பாத்தியா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அவரே தொலைபேசியை எடுத்துத் தேடினார். ஏற்றுக்கொள்வார்கள் என்று இருந்தது. எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. இல்லை என்றிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

"பாடம் கஷ்டமா அக்கா?"

"பாடம் எங்கயும் பாடம்தான். பின்னேரம்தான் கஷ்டம்."

"பின்னேரமோ?"

"வகுப்பு முடிஞ்சு அறைக்கு வருவாய். சாப்பிட்டியா எண்டு கேக்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. முதல் வருசம் அந்த நேரத்துக்குப் பயந்தே நான் லைப்ரரியில கிடந்தன்."

"அப்ப நான் போகட்டோ, விடட்டோ?"

"அத என்னட்டக் கேக்காத" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் ஒப்புவித்தேன். அப்பா குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அப்பாவிடம் கதை சொல்வதும் ஒன்றுதான், சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செலவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். எப்படியோ வழி பிறந்தது. இடமும் கிடைத்தது. ஆனால் போவதா விடுவதா என்று என் மனம் முடிவெடுக்கவில்லை. டொக்டராக வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் இழுத்தது. மறுபக்கம் அப்பா. அவர் வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட்டு, தனியே சோற்றுக் கோப்பையைப் போட்டுச் சாப்பிடுவதை நினைத்தால் கல்லூரிக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன். நான் இல்லாவிட்டால் இந்த மனிதன் பட்டினி கிடப்பார் என்று உறுதியாக நம்பினேன்.

இந்த நிலையில்தான் கிளிவெட்டியில் இருந்து மாமி அழைத்தார். மாமி அப்பாவின் தங்கை. "மார்கழி பிறந்தா நல்ல காரியத்துக்கு ஆகாது. கார்த்திகைக்குள்ள பயணத்தைச் சொல்லிப்போடுங்கோ" என்றார். விசா இன்னும் வரவில்லை மாமி என்றேன். "விசா வரும்போது வரட்டும். மாதம் நிக்குமோ?" என்றார். அப்பாவும் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

போகிறேனோ இல்லையோ என்று தெரியாமலே பயணம் சொன்னேன். துறைமுகத்தடி, சல்லி, கிளிவெட்டி என்று அப்பாவின் மோட்டார் சைக்கிளில் மழைக்குள் திரிந்தோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "எப்ப வருவீங்கள்?" எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "படிச்சு முடிச்ச உடன வந்திருவன்." மாமி சிவப்பரிசி மா வறுத்துத் தந்தார். மற்றவர்கள் பிஸ்கட், சவர்க்காரம், தைலப்போத்தல். எனக்கு வாழ்நாள் முழுக்கத் தலையிடிக்கும் என்று ஊரே முடிவு செய்திருந்தது போல அத்தனை தைலம். பின்னேரங்களில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை இன்னொரு ரீச்சரிடம் சேர்த்துவிட்டேன். கட்டிப்பிடித்து அழுதுதான் பிரிந்தோம்.

மார்கழி பிறந்தது. விசா வரவில்லை. தீவுக்குப் போக வழியில் இன்னொரு நாட்டில் இறங்கி ஏற வேண்டும், அந்த நாட்டின் அனுமதி கிடைக்கவில்லை. தை பிறந்து அங்கே வகுப்புத் தொடங்கியும் விட்டது. அடுத்த வகுப்பு வைகாசியில்தான் என்று கல்லூரியில் இருந்து மின்னஞ்சல் வந்தது. வாசித்ததும் முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. போகவும் இல்லை, போகவில்லை என்று சொல்லவும் தேவையில்லை.

அந்தச் சந்தோசம் சந்தைக்குப் போன அன்றே போயிற்று. மரக்கறிக்காரர் என்னைக் கண்டதும் தராசை வைத்துவிட்டு, "பிள்ளை போகேல்லையோ?" என்றார். விளக்கினேன். அடுத்த கடையில் "திருப்பி அனுப்பிட்டாங்களோ?" என்றார்கள். அதற்கும் விளக்கினேன். பஸ் நிலையத்தடியில் கூடப் படித்தவள் ஒருத்தி வந்தாள். என்னைக் கண்டு சிரிக்கப்போய், என்ன கேட்பது என்று தெரியாமல், எங்கள் நகரத்துத் தெருக்களில் ஆடு மாடு போலத் திரியும் மான்களில் ஒன்றைப் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு கதைக்க வேண்டியதை எல்லாம் எல்லாரும் கார்த்திகையிலேயே கதைத்து முடித்துவிட்டார்கள்.

பிறகு நான் வெளியே போகவில்லை. மழையும் விடவில்லை. பின்னேரங்களில் பிள்ளைகளின் சத்தம் இல்லாமல் முன்னறை வெறுமையாகக் கிடந்தது. தொலைபேசியும் அடிக்கவில்லை. துறைக்குள் கப்பல் ஊதினால் அதை இழுக்கும் படகில் அப்பா நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் துணை. பயணத்துக்குத் தந்த பிஸ்கட்டை எல்லாம் பயணத்துக்கு முதலே தின்று முடித்தேன். சொந்த ஊரில், சொந்த வீட்டில், இப்படித் தனித்துப்போக ஏலும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் ஒழுங்கைத் தெரு முனை வீட்டு அன்ரி நத்தார்ப் பண்டிகைக்கு மன்னாரில் மகள் வீட்டுக்குப் போய், மழை குறைந்த பிறகுதான் திரும்பி வந்தார். நான் போய்விட்டேன் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை, அவர் வீட்டிலும் பயணம் சொல்லித் தேத்தண்ணி குடித்தவள்தானே. வந்த கிழமையே மத்தியானச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து, "தனிச்ச மனுசன், என்னத்தை அவிச்சுச் சாப்பிடுறீங்களோ" என்று வாசல் படலையடியிலேயே அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அப்பா வாய் திறக்க முதலே அவர் திரும்பிப் போயாயிற்று. அடுத்த நாளும் வந்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம்.

ஒருவருக்கு அளவான பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, சொதி, ஒரேயொரு துண்டு மீன். அந்த மீனை அப்பா என் பக்கம் தள்ளுவார், நான் அவர் பக்கம் தள்ளுவேன். நான் சமைத்து வைத்த கறியும் பக்கத்தில் இருக்கும், ஆனால் அன்ரியின் கைப்பக்குவம் வேறு. அப்பா கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். என் சமையலில் அவர் ஒருநாளும் உடம்பு வைத்ததில்லை.

ஒருநாள் அப்பா வேலைக்குப் போயிருந்தார். பார்சல் படலையில் தொங்கியது. காகம் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் எடுக்கவும், ஒழுங்கையில் நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருந்த அன்ரி திரும்பிப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"கடவுளே, நீ போகேல்லையோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அன்ரி கோபிப்பார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தா இன்னொரு துண்டு மீன் வச்சிருப்பனே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவை நினைச்சுக்கொண்டு நிக்கிறியோ?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அவருக்குச் சாப்பாடு நான் குடுப்பன். அதுக்காக நீ நிக்காத. உனக்குப் பயமெண்டா நில், அது வேற கதை."

அவர் போன பிறகு குசினியில் தனியே இருந்து அந்தப் பார்சல் முழுவதையும் நானே சாப்பிட்டேன். மனம் கொதித்தது. அன்ரி சொன்னது சரி, அதுதான் கோபம். நான் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்தே பார்த்துவிட்டேன். அது நன்றாகத்தான் நடந்தது. அப்பாவுக்குச் சோறு வந்தது, பிள்ளைகளுக்கு வேறு ரீச்சர் வந்தார். பயம் எனக்குத்தான், அதை மறைக்க அப்பா வெறும் சாட்டு. சாப்பிட்டுக் கை கழுவும்போது போவதென்று தீர்மானித்தேன்.

சித்திரை முடியும்போது அனுமதி வந்தது. மறுபடி எல்லாருக்கும் சொல்ல வேண்டுமோ என்று மாமியைக் கேட்டேன். "ரெண்டாம் தரம் சொல்லக் கூடாது, போற காரியம் தடைப்படும்" என்றார். ஆகவே ஒருவரும் வழியனுப்ப வரவில்லை. அன்ரி மட்டும் மத்தியானம் பார்சலோடு வந்து போனார். அதில் இரண்டு துண்டு மீன் இருந்தது.

பின்னேரம் என்னை ஏற்றிப்போக வான் வண்டி வர வேண்டும். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அப்பா வெள்ளைச் சேட் போட்டு, முன்னறைக் கதிரையில் இருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வருகிறாரோ என்று நினைத்தேன். அடுத்த நாள் வேலை, வர ஏலாது என்று முதலே சொல்லியிருந்தார்.

"எல்லாற்றை வீட்டையும் போய்ச் சொன்னனீ" என்றார். "எனக்குச் சொல்லேல்லை."

"சொந்த வீட்டில ஆர் பயணம் சொல்லுறது?" எனக்கு எரிச்சல் வந்தது, அழாமல் இருப்பதற்கு அதுதான் வழி. "மாமி ரெண்டாம் தரம் சொல்லக் கூடாது எண்டவ."

"எனக்கு இது முதல் தரம்தானே" என்றார் அப்பா.

நான் படலைக்குப் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நின்று, படலையைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். அப்பா எழும்பி, "வாங்கோ, இருங்கோ" என்றார். கதிரை நுனியில் இருந்தேன். குசினியில் ஏற்கெனவே ஊற்றி மூடி வைத்திருந்த தேத்தண்ணியைக் கொண்டு வந்து தந்தார். ஆறிப்போயிருந்தது.

"பயணம் சொல்ல வந்தனான்" என்றேன்.

"எப்ப வருவீங்கள்?"

எல்லா வீட்டிலும் சொன்ன பதில்தான். அது அன்றைக்கு வாயில் வரவில்லை. அப்பா காத்துக்கொண்டிருந்தார். வான்காரர் வெளியே ஹோர்ன் அடித்தார். நான் எழும்பினேன், அப்பா எழும்பவில்லை.

"சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார்.

"வருவன் அப்பா" என்றேன். எப்போது என்று சொல்ல ஏலவில்லை.

அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்டதில்லை. இந்தத் தீவில் எனக்கு இது மூன்றாம் வருடம். அக்கா சொன்னது சரி, பாடம் பாடம்தான், பின்னேரம்தான் ஆளைத் தின்கிறது. நான் வந்த மாதமே அப்பா இரவு வேலைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். இரவில் துறையில் காற்று நல்லதாம், அப்படித்தான் காரணம் சொன்னார். இங்கே நான் வகுப்பு முடிந்து அறைக்கு வரும் நேரம் அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். கதவைத் திறந்து புத்தகத்தை வைக்கத் தொலைபேசி அடிக்கும். பின்னால் படகின் இயந்திரச் சத்தம் கேட்கும்.

"சாப்பிட்டியா?" என்று அப்பா கேட்பார்.